விறகு பார்த்த கண்



சங்கிலி வாளின் இரைச்சலைக் கேட்டு நம் வீடுகளில் எவர் முகமும் மலர்வதில்லை. தொட்டிலில் தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். கோழிகள் வேலி தாண்டி ஓடும். 'எந்த வளவில் எந்த மரம் போகுதோ' என்று உம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். மரத்தை வீழ்த்துவதற்கென்றே பிறந்த கருவி என்றுதான் அதை நாம் அறிந்து வைத்திருக்கின்றோம். ஆனால் அதன் பிறப்புக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் நம்புவீர்களா?

18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு வைத்தியர்கள் கையால் இழுத்து அறுக்கும் பற்சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பிள்ளை வெளிவர முடியாமல் பிரசவம் சிக்கலாகும்போது தாயின் இடுப்பெலும்பின் முன் இணைப்பை அறுப்பதும், பழுதுபட்ட எலும்பை வெட்டி எடுப்பதுமே அதன் வேலை. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்தத் தாய்மார் பட்ட பாட்டை எண்ணும்போது நெஞ்சு பதறுகின்றது.

மரத்துக்கு அது வந்தது நெடுநாள் கழித்துத்தான். ஜேர்மனியில் அந்திரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926 இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளையும், 1929 இல் பெற்றோலில் ஓடுவதையும் செய்தார். அவற்றைத் தூக்குவதற்கு இரண்டு ஆட்கள் வேண்டும். தனியொருவர் கையில் பிடித்து வேலை செய்யக்கூடிய பெற்றோல் வாள் 1950 இல் அவரிடமிருந்து வந்தது. வாள் ஒரு கைக்குள் அடங்கியதும் மனிதனின் புத்தி வேறு திசையிலும் ஓடியது. அதே 1950களில் அமெரிக்காவில் ரே மர்பி போன்ற சிலர் அதை உளியாகப் பாவித்து மரத்தைச் செதுக்கத் தொடங்கினார்கள். 1961 இல் கென் கைசர் என்பவர் கலிபோர்னியாவின் செம்மரக் காட்டுப் பூங்கா ஒன்றுக்காக ஐம்பது சிற்பங்களை வாளாலேயே செய்து கொடுத்தார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செட்விண்ட் என்ற சிற்றூரில் 2005 முதல் இதற்கெனச் சர்வதேசப் போட்டியே நடத்தியிருக்கின்றார்கள்.

ஒரு மௌலவிக்கு இந்த விவகாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மர்ஹூம் வாப்பா மரக்காலை வைத்திருந்தவர். அரபுக் கல்லூரி விடுமுறைகளில் ஊர் வந்தால், கிதாபை வைத்துவிட்டு அவரோடு மரக்குற்றி அளக்கப் போவேன். மரத்தூள் வாசம் என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. ஆனாலும் நான் இதை எழுதுவதற்குக் காரணம் வாப்பா அல்ல. எங்கள் மஹல்லாவில் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு ராத்தா.

அவருடைய மகன் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. கணவர் மௌத்தான பிறகு குடும்பப் பாரம் அவன் தலையில் விழ, மரம் வெட்டும் கூலியாக வாளைத் தூக்கினான். 2020 இல் கொரோனா ஊரடங்கு வந்து வேலையில்லாமல் இருந்த நாட்களில் கைத்தொலைபேசியில் வெளிநாட்டுச் செதுக்கு வேலைகளைப் பார்த்திருக்கின்றான். முதலில் அடிக்கட்டையில் ஒரு காளான். பிறகு முக்காலி. பிறகு கடை வாசலுக்கு ஒரு வாங்கு. கேட்டு வருபவர்கள் கூடினார்கள். அப்படி இருக்கையில் ஒரு நாள் அஸருக்குப் பின் ராத்தா என் வாசலில் வந்து நின்றார்.

"மௌலவி, இவன் வாளால ஆனை செய்யப் போறானாம். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் அச்சாரமும் குடுத்திட்டார். இந்தக் காசு எங்களுக்கு ஆகுமா? முதல்ல அதைச் சொல்லுங்க. இவன்ட கையும் காலும் முழுசா இருக்குமா? ரெண்டாவதா அதைச் சொல்லுங்க."

யானைக்குப் பேசிய தொகை, அவர் மூன்று மாதம் இடியப்பம் விற்றாலும் கிடைக்காதது. வீட்டுக் கூரைத் தகரம் ஓட்டை விழுந்து மாரிக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வேலையைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மதரஸா விட்டபின் நாலைந்து நாள் அவர்கள் வளவில் போய் இருந்தேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கின்றேன். தாய்க்கு அதுதான் உண்மையில் முதல் கேள்வி.

சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைத் தொழிலில் 'பார்' என்பார்கள். அதன் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால், வெட்டுவதற்குப் பதிலாக வாள் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளும். மரம் வீழ்த்துகிறவன் நுனியைப் பாவிக்காமலே வேலையை முடிக்கலாம். செதுக்குகிறவனுக்கோ நுனிதான் பேனை. இதற்காகவே செதுக்கு வேலைக்கென மிக ஒடுங்கிய நுனியுள்ள பார் செய்கின்றார்கள். அமெரிக்கச் சில்லறைக் காசின் பெயரால் அளவு சொல்வார்கள். மிகச் சிறியதன் நுனி ஒரு சின்னக் காசின் அகலந்தான். நுனி ஒடுங்க ஒடுங்கத் துள்ளல் குறைகின்றது. சாதாரண பாரில் நுனியால் செதுக்குவது மின்கம்பியைத் தொட்டு விளையாடுவது போன்றது. அந்தத் தம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தான், அதுவும் சாரன் உடுத்துக்கொண்டு!

அன்றே சொன்னேன்: சாரன் வேண்டாம், தனியாக வேண்டாம், ஏணியில் நின்று வேண்டாம், களைத்துப்போனால் வேண்டாம். தலைக்கவசம், முகத்திரை, காது மூடி, வாள் பட்டால் சங்கிலியில் நார் சுற்றி அதை நிறுத்திவிடும் விசேட காலுறை – இவையில்லாமல் வாளைத் தொடக்கூடாது. நாரை வைத்து வீட்டில் தைத்துக்கொள்ளலாமே என்று ராத்தா கேட்டார். அது தைத்து வருகிற காரியமல்ல. மரத்தூளையும் லேசாக எண்ணிவிடாதீர்கள். நெடுங்காலம் அதைச் சுவாசிப்பது மூக்கினுள் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று மருத்துவம் கண்டிருக்கின்றது. கூரைத் தகரத்துக்கென்று ராத்தா பிடித்திருந்த சீட்டுக்காசில் ஒரு பகுதி ஒடுங்கிய பாருக்கும் இந்தச் சாமான்களுக்கும் போனது. கூரை அப்படியே இருந்தது.

இனி மரத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் வாள் ஓடும் முன்பே, மரத்தைத் தெரிகின்ற போதே முடிந்துவிடுகின்றது.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதற்குப் பேர்போனது செந்தேவதாரு என்று சொல்லத்தக்க ஒரு மரம். இலகுவானது, மணமானது, காயும்போது அதிகம் சுருங்காதது, மழையில் கிடந்தாலும் இலேசில் உக்காதது. கிழக்கே வெண் பைன் மரத்தை விரும்புகின்றார்கள்; வெண்ணெய் போல வெட்டுப்படும். ஓக் உறுதியானது, ஆனால் வெடிக்கும். நமக்கு அந்த மரங்கள் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் பார்க்கும் குணங்கள் எல்லா மரத்துக்கும் பொருந்தும். எவ்வளவு இலகுவாய் வெட்டுப்படும், எவ்வளவு சுருங்கும், எங்கே வெடிக்கும், கறையானும் ஈரமும் எத்தனை காலத்தில் தின்னும்?

இங்கேதான் ராத்தா எனக்குப் பாடம் நடத்தினார். மகன் லொறியில் கொண்டுவந்து இறக்கிய குற்றிகளை அவர் கோடாலியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். "இது பச்சை, தொப்பெண்டு சத்தம். இது காஞ்சது, கணீரெண்டு வருது. இது உள்ளுக்குள்ள கோறை. இந்த முனையைப் பாருங்க மௌலவி, நடுவிலிருந்து நச்சத்திரம் மாதிரி கீறல். நாளைக்கு இது மூணாப் பிளக்கும்." முப்பது வருடம் விறகு கொத்தியவரின் கண் அது. வாப்பா அடிக்கணக்குப் பார்க்கத்தான் எனக்குக் கற்றுத் தந்தார். மரத்தின் முனையை இவ்வளவு உற்றுப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது இந்த ராத்தாதான்.

அந்த நட்சத்திரக் கீறலுக்குக் காரணம் உண்டு. பச்சை மரத்தின் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கின்றது. நாரின் குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீர் வற்றும்வரை மரம் சுருங்காது. நாரின் சுவருக்குள் ஊறிய தண்ணீர் போகத் தொடங்கியதுந்தான் சுருக்கம் ஆரம்பிக்கின்றது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட, வட்டமாகச் சுற்றி வரும் திசையில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். உள்ளே குறைவாகவும் சுற்றிலும் கூடுதலாகவும் சுருங்கினால் என்ன ஆகும்? சிறுத்துப்போன சட்டையைக் கொழுத்த பிள்ளைக்குப் போட்ட கதைதான். எங்காவது கிழிந்தாக வேண்டும். முழு உருளையாக, நடுக்குருத்தோடு கிடக்கும் மரம் வெடிக்காமல் இருப்பது அரிது.

அப்படியானால் நன்றாகக் காய்ந்த மரத்தையே செதுக்கலாமே என்று தோன்றும். காய்ந்த மரம் கடினம். சங்கிலி சீக்கிரம் மழுங்கும், தூள் புகைபோல் பறக்கும். பலகை காய்வதற்கே அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது மரக்காரரின் பழைய கணக்கு. இரண்டடி விட்டமுள்ள குற்றி காய்ந்து முடியும்வரை எந்தக் குடும்பம் பட்டினி கிடக்கும்? ஆகவே பச்சையாகவே செதுக்கிவிட்டு, வெடிப்பை எங்கே வரவழைப்பது என்று தீர்மானிக்கின்றார்கள். முன்பக்கம் அழகாய் இருக்க வேண்டுமானால், பின்பக்கத்தில் நடுக்குருத்து வரைக்கும் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டுவிடுவார்கள். காயும்போது அந்த வெட்டு அகலும், முகம் பிழைத்துக்கொள்ளும். அடியிலிருந்து நடுவைக் குடைந்து எடுப்பதும் உண்டு. பெரிய மரமானால் நெடுக இரண்டாகப் பிளந்து நடுக்குருத்தை விலக்கிய பாதியில் வேலை செய்வது இன்னும் நல்லது.

தண்ணீர் வேகமாக ஓடிப்போவது வெட்டு முனைகள் வழியாகத்தான். அங்கே மெழுகோ தடித்த பெயின்ற்றோ பூசிவிட்டால் மரம் ஆறுதலாகக் காயும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய மெழுகுதிரிகள் ராத்தாவின் குசினியில் ஒரு ரின் நிறையக் கிடந்தன. பழைய சட்டியில் உருக்கி, தும்புத்தடியின் துண்டொன்றால் அவரே பூசினார். ஒரே நாளில் வெட்டிய இரண்டு குற்றிகளில் பூசியது முழுசாக இருந்தது. பூசாதது மூன்றாகத்தான் பிளந்தது!

நம் பக்கத்து மரங்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் உதவும்.

தென்னை இதற்குச் சரிவராது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கிழக்கின் தென்னந்தோப்புகள் பாய் விரித்ததுபோல் கிடந்ததை வாப்பா சொல்லுவார், நான் பிறக்கவில்லை. அவ்வளவு மரம் கிடந்தும் செதுக்க ஆகாது. வெளிப்புறம் இரும்புபோல், உட்புறம் பஞ்சுபோல் இருக்கும். முதிரை பார்க்கப் பட்டுப்போல் மின்னும், ஆனால் கல்லான மரம். அதன் தூள் பட்டுச் சிலருக்கு மேலெல்லாம் சொறியும். தேக்கு நீடிக்கும், ஆயின் அதற்குள் மணல் போன்ற ஒரு சத்து இருப்பதால் சங்கிலியின் பல்லைத் தின்றுவிடும். மாமரம் இலகுவாக வெட்டுப்படும், விலையும் குறைவு. வெளியே போட்டால் வண்டும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும், வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கே அது உகந்தது. வேம்பைப் பூச்சி அண்டாது, ஆனால் நார் பின்னிப் பிணைந்திருக்கும், செதுக்குகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். முருங்கையைப் பற்றிக் கேட்காதீர்கள். கீரைக்கும் காய்க்கும் அல்லாஹ் படைத்த மரம் அது, அப்படியே இருக்கட்டும்.

பலா எனக்குப் பிடித்தமானது. வைரம் மஞ்சளாய் ஒளிரும், வருடம் போகப்போக மண்ணிறமாகும், கறையானுக்கு எளிதில் கொடுக்காது. ஆனால் பலாவையும் ஈரப்பலாவையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். பஞ்ச காலத்தில் சோற்றுக்குப் பதிலாக நின்ற மரங்கள் அல்லவா?

எல்லாவற்றிலும் இந்த வேலைக்கு வாய்ப்பானது, நாம் விறகுக்குக்கூட மதிக்காத ஒன்று. வீதியோரங்களில் குடை பிடித்தாற்போல் விரிந்து, மாலையானதும் இலையை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரம். சிங்களத்தில் மாரா என்பார்கள். பச்சையாகச் செதுக்கினாலும் இது கொஞ்சந்தான் சுருங்கும். ஹவாய்த் தீவுகளில் இந்த மரத்தைப் பச்சையாகவே கடைந்து கிண்ணங்கள் செய்கின்றார்கள். வீதிக்கு இடைஞ்சல் என்று வெட்டிப் போடும் பெருங்கிளைகள் இங்கே அடுப்புக்கோ குப்பைக்கோ போகின்றன.

எந்த மரமானாலும் நார் ஓடும் திசை பார்க்க வேண்டும். வாங்கின் கால் நாரோடு நெடுகப் போனால் யானையும் உட்காரலாம். நாருக்குக் குறுக்கே நீட்டிய மெல்லிய துண்டு பிள்ளையின் கை பட்டாலே முறிந்துவிடும்.

வளவு மரத்தில் இன்னொரு ஆபத்து, ஆணியும் கம்பியும். உடுப்புக் கொடி கட்ட நாம் அடித்த ஆணியை மரம் விழுங்கிக்கொண்டு வளர்ந்துவிடும். எங்கள் பகுதியில் அதற்கும் மேலே. 2009 இல் முடிந்த யுத்தம் மரங்களுக்குள்ளும் சன்னங்களை விட்டுப் போயிருக்கின்றது. வாப்பாவின் மரக்காலையில் குற்றி அறுபடும்போது திடீரென வாள் அலறும். நிறுத்திப் பார்த்தால் ஈயமோ இரும்போ இருக்கும். ஓடும் சங்கிலி அதில் பட்டு அறுந்தால் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஆகவே பட்டையில் கறுத்த தழும்போ வீக்கமோ கண்டால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடச் சொன்னேன்.

இனி ராத்தாவின் முதல் கேள்வி. உயிருள்ளவற்றின் உருவத்தை முழுச் சிற்பமாகச் செய்வது கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் இமாம்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கைத்தொழிலாளியைக் கைவிட்டுவிடவும் மார்க்கம் சொல்லவில்லை. உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து தன் பிழைப்பு இதுதான் என்று முறையிட்டபோது, செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கின்றது. நபி (ஸல்) அவர்களின் மிம்பரும் மரவேலைதான். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் சொல்லியனுப்பி, அவரிடமிருந்த தச்சரைக் கொண்டு, அல்காபா என்னும் இடத்து அத்ல் மரத்தால் அது செய்யப்பட்டது. எந்த மரம், எந்த இடத்து மரம் என்பதுவரை ஸஹாபாக்கள் நினைவில் வைத்துச் சொல்லியிருக்கின்றார்கள், பாருங்கள்.

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப ஹஸரத், மீன் ஆகுமா?" என்றான். மீனுக்கும் உயிர் உண்டு தம்பி என்றேன். ராத்தா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. அச்சாரத்தில் பாதி ஏற்கெனவே செலவாகியிருந்தது.

அதைத் திருப்பிக் கொடுக்கச் சீட்டுக்காசின் மிச்சமும் போயிற்று. பலாப்பழமும் ஈச்சங்குலையும் செதுக்கிய வாங்கு செய்து தரலாம் என்று ஹோட்டல்காரரிடம் சொல்லிப் பார்த்தான். வருகிற வெள்ளைக்காரர் யானையைத்தான் படம் பிடிப்பார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் வியாபாரம் அவருக்கு. யானையை வேறொருவர் செய்து கொடுத்ததாகக் கேள்வி. அந்த மாரி முழுவதும் ராத்தாவின் அடுப்படியில் ஒழுக்குக்கு அடியில் பேசின் வைத்துத்தான் இடியப்பம் அவிந்தது. மகனைத் திட்டினாரா என்று கேட்டேன். "திட்டி என்ன, மரம் காயட்டும் மௌலவி" என்றார்.

இப்போது அவனுக்கு ஓடர் வருகின்றது, பெரிதாக அல்ல. வைத்தியசாலை வாசலுக்கு இரண்டு வாங்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திறந்த புத்தகம் போன்ற பெயர்ப்பலகை, கலியாண வீட்டு முற்றத்துக்குப் பூச்சாடிகள். ரெஹால் செய்து தரும்படி நான் கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டான். வாள் ஒருமுறை போனால் கால் அங்குல மரம் தூளாகிவிடும். ஒரே பலகையில் பிணைப்பு வெட்டும் நுட்பம் ஓடாவியின் சிறுவாளுக்கும் உளிக்கும் உரியது என்றான். சரியான பதில்.

உங்கள் வளவில் காற்றுக்கு மரம் விழுந்தால், உடனே இரண்டடித் துண்டுகளாய் அறுத்துப் போடச் சொல்லாதீர்கள். அடிமரத்தை ஆறேழு அடி நீளமாக விடச் சொல்லுங்கள். அன்றைக்கே இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி, வெயில் படாத இடத்தில், மண்ணில் படாமல் கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். ஆணி அடித்த இடம் நினைவிருந்தால் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். வாள் பிடிக்கும் பிள்ளைக்கு அது உதவும்.